வேதமும் கடன் கொப்பியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இஸ்லாத்தில் வேதத்தின் நோக்கம் யாது, இன்றைய வாழ்வுக்கு அது எவ்வாறு பயன்படுகிறது என்பதே இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் ஒருவன், பிறப்பாலும் வழிபாட்டாலும் சைவன், இப்பொருளைப் பேச வந்ததேன் என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்றை இப்போதே சொல்கிறேன். மற்றதை உரையின் இறுதியிற் சொல்வேன்.

சில காலத்துக்கு முன்னர் உயர்தர வகுப்பில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் நுபுவ்வத்துக் காண்டம் நபிகள் நாயகத்துக்கு வேத வெளிப்பாடு கிடைத்த காலத்தைப் பாடுவது. ஹிரா மலைக் குகையில் நபிகளார் தனித்திருந்ததையும், வானவர் ஜிப்ரீல் தோன்றி முதல் வசனங்களை ஓதச் செய்ததையும் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வேதம் எண்டால் ஓதுறதுக்குத்தானே? அதுக்கும் எங்கடை சீவியத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டான்.

"அது மனிதருக்கு வழிகாட்டி" என்று நான் விடையிறுத்தேன். "எதுக்கு வழிகாட்டி சேர்?" என்றான் அவன். மணி அடித்துவிட்டது. நானும் வகுப்பை விட்டு வெளியேறிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு வெளியேறவில்லை. அவன் இஸ்லாத்தின் வேதத்தை மட்டும் எண்ணிக் கேட்டவனல்லன். வேதம் என்று பெயர் பெற்ற எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டான். தேவாரத்தை இராகத்தோடு பாடிவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கும் நம்மவர்க்கும் அக்கேள்வி பொருந்தும்.

திருக்குர்ஆனைத் தமிழ் மொழிபெயர்ப்புகளின் துணையோடு வாசித்தவன் நான். அரபு மொழியில் ஐயம் நேர்ந்த இடங்களில் முஸ்லிம் ஆசிரிய நண்பர்கள் தெளிவு தந்தார்கள். அவ்வாறு வாசித்த ஒருவனின் கருத்துகளாகவே இவற்றைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலில், இந்த வேதம் தன்னைப் பற்றித் தானே என்ன கூறுகிறது என்பதை நோக்குவோம்.

திருக்குர்ஆன் 114 அத்தியாயங்களைக் கொண்டது. கி.பி. 610ஆம் ஆண்டளவில் தொடங்கி, 632இல் நபிகளார் மறையும் வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அருளப்பெற்றது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கையும் வரலாறும் ஆகும். ஒரே நாளில் முழு நூலாக அது வந்துவிடவில்லை. மக்காவில் துன்பப்பட்ட வேளையில் ஆறுதலாகவும், மதீனாவில் ஒரு சமூகம் உருவாகியபோது அதன் வழக்குகளுக்கும் பிணக்குகளுக்கும் விடையாகவும் வசனங்கள் வந்தன. வாழ்க்கை கேட்டது, வேதம் விடை சொன்னது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். ஆகவே, வாழ்க்கையோடு என்ன தொடர்பு என்ற என் மாணவனின் கேள்விக்கு முதல் விடை அந்நூல் பிறந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது.

அந்நூல் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களும் கவனிக்கத்தக்கன. 'ஹுதா' என்பது நேர்வழி காட்டுவது. 'திக்ர்' என்பது நினைவூட்டுவது. 'புர்கான்' என்பது நன்மையையும் தீமையையும் பிரித்துக் காட்டுவது. இருபத்தைந்தாம் அத்தியாயத்துக்கு இதுவே பெயர். இம்மூன்று பெயர்களும் செயலைக் குறிப்பவை. வழி காட்டினால் நடக்கவேண்டும். நினைவூட்டினால் மறந்ததைச் செய்யவேண்டும். பிரித்துக் காட்டினால் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளவேண்டும்.

வேதத்தை ஓதுதல் முஸ்லிம்களிடத்தில் தலைசிறந்த வணக்கங்களுள் ஒன்று. ஓசை நயத்தோடு ஓதும் கலை அவர்களிடையே எத்துணைப் பேணப்படுகிறது என்பதை நோன்புக் கால இரவுகளில் பள்ளிவாசலுக்கு அருகிற் குடியிருப்போர் அறிவர். ஆயினும் ஓதுவதோடு நின்றுவிடுதல் வேதத்தின் நோக்கமன்று என்பதை அந்நூலே கூறுகிறது. அறுபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஓர் உவமை வருகிறது. வேதம் கொடுக்கப்பட்டும் அதன் பொறுப்பைச் சுமக்காதவர்கள் புத்தக மூட்டையைச் சுமக்கும் கழுதையை ஒத்தவர்கள் என்பது அதன் கருத்து. முன்னைய வேதத்தைப் பெற்றோர் குறித்து வந்த உவமை இது என்றாலும், வேதம் பெற்ற எவருக்கும் இது எச்சரிக்கையே என்று முஸ்லிம் அறிஞர்கள் விளக்குவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதும் ஏறக்குறைய இதே கருத்தையே.

ஐம்பத்தேழாம் அத்தியாயத்தின் பெயர் அல் ஹதீத், அதாவது இரும்பு. வேதம் அனுப்பப்பட்ட நோக்கத்தை அதன் 25ஆவது வசனம் நேரடியாகவே பேசுகிறது. தூதர்களோடு வேதமும் தராசும் சேர்த்து அனுப்பப்பட்டன, மனிதர் நீதியிலே நிலைத்து நிற்பதற்காக என்பது அவ்வசனத்தின் கருத்து. வேதத்தின் பக்கத்திலே ஒரு தராசு! வேதத்துக்கு அருகே தீபத்தையோ மாலையையோ எதிர்பார்க்கும் நமக்குத் தராசைக் காண்பது வியப்பாக இருக்கும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே எண்பத்துமூன்றாம் அத்தியாயம் பெயர் பெற்று நிற்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவருக்குக் கேடு என்று அது தொடங்குகிறது. மக்கா வணிகரின் ஊர். வேதம் அவர்களுடைய கடைத்தெருவுக்கே இறங்கி வந்தது.

நேயர்களே, இனி இவ்வுரையின் மையத்துக்கு வருகிறேன். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது, அது எதைப் பேசுகிறது என்று உங்களிடம் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? இறைவனின் பெருமையைப் பேசுவதாக இருக்கும் என்று ஒருவர் கூறலாம். சுவர்க்க நரகத்தைப் பேசுவதாக இருக்கும் என்று இன்னொருவர் கூறலாம். தொழுகை நோன்பு பற்றியது என்று வேறொருவர் கூறலாம். இவற்றில் எதுவுமன்று. இரண்டாம் அத்தியாயமான அல் பகராவின் 282ஆவது வசனமே மிக நீளமானது. இன்று உலகெங்கும் பரவலாக வழங்கும் மதீனா அச்சுப் பிரதியில் அந்த ஒரு வசனம் ஒரு முழுப் பக்கத்தை நிறைக்கிறது. அது பேசும் விடயம், ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கினால் அதை எவ்வாறு எழுதிவைப்பது என்பதாகும்.

அதன் கருத்தை என் சொற்களிற் சுருக்கித் தருகிறேன். தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளவேண்டும். எழுத அறிந்த ஒருவர் இருவருக்குமிடையே நீதியாக எழுதவேண்டும். எழுத்து அவருக்கு இறைவன் கற்பித்தது. ஆகையால் எழுதித்தர அவர் மறுக்கலாகாது. எழுதவேண்டியதைச் சொல்லவேண்டியவர் கடன்பட்டவர். அவர் இறைவனை அஞ்சி, எதையும் குறைக்காமற் சொல்லவேண்டும். அவர் விவரமறியாதவராகவோ, பலவீனராகவோ, சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் அவருக்காக நீதியோடு சொல்லவேண்டும். சாட்சிகள் இருத்தல் வேண்டும். சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது. கடன் சிறிதோ பெரிதோ, எழுதச் சலித்துக்கொள்ளலாகாது. கையோடு கைமாறும் வியாபாரத்தை எழுதாவிட்டாற் குற்றமில்லை. எழுதியவருக்கோ சாட்சிக்கோ எவரும் தீங்கு செய்யலாகாது.

இவ்வளவும் ஒரே வசனத்தில்! எழுத அறிந்தோர் மிகச் சிலராயிருந்த சமூகத்துக்கு, நினைவையும் வாய்மொழியையுமே நம்பி வாழ்ந்த மக்களுக்கு இக்கட்டளை வந்தது. முதன்முதல் அருளப்பட்ட வசனங்களிலேயே ஓதுதலும் எழுதுகோலும் பேசப்பட்டன. அந்த எழுதுகோலுக்கு என்ன வேலை என்று கேட்டால், அதன் வேலைகளுள் ஒன்று இது: மனிதன் மனிதனை ஏமாற்றாதிருக்க எழுதிவைப்பது.

இவ்வசனத்தில் என் மனத்தைத் தொட்ட விடயம் ஒன்று உண்டு. கடன் பத்திரத்தின் வாசகத்தைச் சொல்பவர் யார்? உலக வழக்கத்தில் அது கடன் கொடுத்தவரின் உரிமை. பணம் அவருடையது, பத்திரம் அவருடையது, வாசகமும் அவருடையது. வாங்குபவருக்கு எஞ்சியிருப்பது கையொப்பமிடும் இடம் மட்டுமே. இவ்வசனமோ பேசும் உரிமையைக் கடன்பட்டவரிடம் கொடுக்கிறது. தான் எவ்வளவு பெற்றேன், எப்போது திருப்பித் தருவேன் என்பதை அவரே தம் வாயாற் சொல்லவேண்டும். இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. வலியவர் எழுதியதில் எளியவர் அறியாமற் சிக்கிக்கொள்வதில்லை. அதேவேளை, தாமே சொன்னதைப் பின்னர் எளியவரும் மறுக்க முடியாது. இது உரிமையும் பொறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஏற்பாடு.

சாட்சிகள் பற்றிய பகுதி இன்று அதிகம் விவாதிக்கப்படுவது. இரண்டு ஆண்கள் இல்லாவிட்டால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் என்று வசனம் கூறுகிறது; ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்டுவதற்காக என்ற காரணத்தையும் கூறுகிறது. மரபுவழிச் சட்ட அறிஞர்கள் இதனை நிலையான விதியாகக் கொண்டனர். ஃபஸ்லுர் ரஹ்மான் போன்ற இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களோ, கடன் வணிக அலுவல்களிற் பெண்களுக்குப் பழக்கம் குறைந்திருந்த அக்காலத்தைக் கருதிய ஏற்பாடு இது என்றும், காரணம் மாறுமிடத்து விதியும் மாறலாம் என்றும் வாதிட்டனர். கணவன் மனைவி மீது பழி சுமத்தும் வழக்கில் இருவருடைய சத்தியமும் எண்ணிக்கையிற் சமமாக வைக்கப்பட்டிருப்பதை இருபத்துநான்காம் அத்தியாயத்திற் காணலாம். வேதத்தின் எழுத்தையும் நோக்கத்தையும் சேர்த்துச் சிந்திக்கும் இவ்விவாதம் அவர்களிடையே இன்னும் உயிரோடிருக்கிறது.

இவ்வசனத்தைத் தனித்துப் பார்த்தலும் பொருந்தாது. இதற்கு முன்னுள்ள வசனங்கள் வட்டியைத் தடுக்கின்றன. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவேண்டும் என்றும், அதைத் தருமமாக விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் 280ஆவது வசனம் சொல்கிறது. 281ஆவது வசனம், எல்லோரும் இறைவனிடம் மீண்டு அவரவர் கணக்கை முழுமையாகப் பெறும் நாளை அஞ்சுமாறு எச்சரிக்கிறது. அந்த மறுமை எச்சரிக்கைக்கு அடுத்த வரியிலேயே கடன் எழுதும் முறை தொடங்குகிறது. மேலே ஒரு கணக்கு உண்டென்று நம்புகிறவன் கீழேயுள்ள கணக்கைச் சரியாக எழுதவேண்டும் என்பதே இந்த அடுக்கின் பொருள் என நான் விளங்கிக்கொள்கிறேன்.

இலக்கிய நேயர்களுக்கு இவ்விடத்தில் நம் பெரியபுராணம் நினைவுக்கு வரலாம். சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதிய வேதியர் வருகிறார். உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உண்டு என்கிறார். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த மூல ஓலையைப் பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கின்றனர். வந்தவர் இறைவன். ஆனால் இறைவனே வந்தபோதும் ஓலையும் சாட்சியும் சபையும் தேவைப்பட்டதாகச் சேக்கிழார் பாடினார். எழுத்தை மதித்தல், வழக்கை நீதியோடு தீர்த்தல் என்பன பக்திக்குப் புறம்பானவை என்று அவரும் கருதவில்லை. இரு சமயங்களின் கொள்கைகள் வெவ்வேறு. எனினும் நேர்மையான கணக்கு என்ற இடத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

வேதம் கூறியதை நபிகள் நாயகம் தம் வாழ்வில் எவ்வாறு நடத்திக்காட்டினார் என்பதற்கு மூன்று செய்திகளை மட்டும் நினைவுகூர்கிறேன். 622இல் மக்காவை விட்டு வெளியேறவேண்டிய இரவில், தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்குமாறு அலீ அவர்களை அங்கே நிறுத்திச் சென்றார். அப்பொருள்களுக்கு உரியவர்கள் அவரை ஊரை விட்டுத் துரத்திய ஊரவர்களே. இரண்டாவது, இறந்த ஒருவருக்குக் கடன் இருப்பதை அறிந்ததும் அவருடைய ஜனாஸாத் தொழுகையைத் தாம் நடத்தாமல் நின்றார். அபூ கதாதா என்ற தோழர் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழுகை நடத்தினார். மூன்றாவது, நபிகளார் மறைந்தபோது அவருடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. வீட்டுக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அது வைக்கப்பட்டிருந்தது என ஆயிஷா நாயகி அறிவித்ததாக ஹதீஸ் நூல் கூறுகிறது. அவர் அப்போது அரேபியாவின் தலைவர். கட்டளையிட்டே பெற்றிருக்கலாம். மாற்று மதத்தவரிடம் முறைப்படி ஈடு வைத்துப் பெற்றார்.

இனி, இன்றைய வாழ்வுக்கு வருவோம். இன்று எழுத்துக்குக் குறைவில்லை. பத்திரங்கள் மலைபோற் குவிகின்றன. ஆனால் யார் சொல்ல யார் எழுதுகிறார்கள்? நிதிக் கம்பனியில் வாகனத்துக்கோ வீட்டுக்கோ கடன் பெறும் ஒருவர், பொடி எழுத்தில் அச்சான பல பக்கங்களில், விரல் வைத்துக் காட்டும் இடங்களிலெல்லாம் ஒப்பமிடுகிறார். கைத்தொலைபேசியில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற இடத்தை வாசியாமலே தொட்டுவிடுகிறோம். போருக்குப் பின்னர் நம் கிராமங்களுக்கு வந்த நுண்கடன்களின் கதையை நேயர்கள் அறிவீர்கள். தாம் ஒப்பமிட்ட பத்திரத்தில் எவ்வளவு வட்டி எழுதப்பட்டிருந்தது என்று அறியாத பெண்கள் எத்தனை பேர்! 2018ஆம் ஆண்டில் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராங்கொடையில் பெண்கள் வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அங்கு வாடியவர்கள் பெரும்பாலும் சிங்களச் சகோதரிகள். கடனுக்கு இனமும் மதமும் கிடையாது.

கடன்பட்டவரே சொல்லவேண்டும், அவருக்கு இயலாவிட்டால் அவர் நலன் நாடும் ஒருவர் நீதியோடு சொல்லவேண்டும் என்ற அந்த ஒரு விதியை மாத்திரம் இக்கடன்களுக்குப் பொருத்திப் பாருங்கள். விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் ஒருவரை ஒப்பமிடச் செய்வது அதன்படி செல்லாது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பாலைவன வணிகர்க்கு வந்த வசனம் இன்றைக்கும் பொருந்துமா என்று கேட்பவர்க்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை.

உரையின் தொடக்கத்தில் இரண்டாவது காரணம் ஒன்று உண்டு என்றேன். அதனை இப்போது சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவன். என் தந்தையாரும் ஆசிரியர். எங்கள் வீட்டின் ஒரு பக்கத்தைக் கட்டுவதற்கு நகரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் இரும்புக்கடையிற் கடனுக்குக் கம்பியும் ஆணியும் வாங்கினார். நாங்கள் அவரை நானா என்றே அழைப்போம். சம்பளம் எடுக்கும் நாளில் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவார். நானா கடன் கொப்பியை விரித்து, கொடுத்த தொகையை எழுதி, எனக்கு ஒரு தோடம்பழ இனிப்புத் தருவார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள், விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில், இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000இற்கும் மேற்பட்டவர்கள். நானாவும் குடும்பமும் போனார்கள். கடை போயிற்று. கடன் கொப்பியும் போயிற்று. அப்பா கொடுக்கவேண்டிய மிச்சம் 2,340 ரூபா. எழுதியிருந்த ஒரே இடம் இல்லாமற் போனது. எனக்கு அப்போது பத்து வயது. அன்றிரவு அப்பா அந்தத் தொகையையும் திகதியையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சுவாமி அறையிலிருந்த தேவாரப் புத்தகத்தினுள் வைத்தார்.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. அடுத்த ஆண்டு, நான் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனார். இரண்டு நாள் விசாரித்து, கிடுகு வேய்ந்த ஒரு வீட்டில் நானாவைக் கண்டுபிடித்தோம். இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அப்பா கடன் மிச்சத்தைப் பற்றிச் சொன்னார். நானாவுக்கு அது நினைவில்லை. "அது கிடக்கட்டும் மாஸ்டர். எவ்வளவோ போச்சுது. அதுக்குள்ளை இது என்ன?" என்றார். அப்பா விடவில்லை. "நீங்கள் எழுதுங்கோ நானா, நான் சொல்லுறன்" என்றார்.

நானா அப்பாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேரப்பிள்ளையின் பாடசாலைக் கொப்பியை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "சூரத்துல் பகராவிலை அப்படித்தான் இருக்கு மாஸ்டர். கடன்பட்டவர்தான் சொல்லவேணும்." அந்த வசனத்தைப் பற்றி நான் முதன்முதற் கேள்விப்பட்டது அந்தத் திண்ணையிலேதான்.

அப்பா சொன்னார். நானா எழுதினார். விலைவாசி ஏறியிருப்பதைக் கருதி அப்பா 5,000 ரூபா கொண்டுபோயிருந்தார். நானா 2,340 ரூபாவை எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். "கூட எடுக்க எனக்கு மனம் இல்லை மாஸ்டர். இதை எடுக்காட்டி உங்களுக்குப் பாரமாயிருக்கும், அதுக்காகத்தான் எடுக்கிறன்" என்றார். கடன் கொடுத்தவர் கேட்டுப் பெறும் மேலதிகமே வட்டி, கடன்பட்டவர் தாமாக மனமுவந்து கொடுப்பது வேறு என்று மார்க்க அறிஞர்கள் கூறுவதைப் பின்னாளில் அறிந்தேன். நானா அதையும் விரும்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "காசுக் கணக்கைச் சொல்லிப்போட்டன் தம்பி. அண்டைக்கு அந்தச் சனம் எங்கடை ஒழுங்கையாலை போகேக்கை நாங்கள் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை நிண்டதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அப்பா இன்று இல்லை. வெளியேற்றப்பட்டவர்களிற் சிலர் மீண்டும் வந்து குடியமர்ந்திருக்கிறார்கள். பலர் இன்னும் புத்தளத்திலேயே வாழ்கிறார்கள். அந்நாளைப் பற்றிய கதைகளையும் கவிதைகளையும் முஸ்லிம் எழுத்தாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். தமது இழப்பைத் தாமே சொல்லவேண்டிய நிலை அவர்களுக்கு. ஆனால் அந்த வசனத்தின்படி முதலிற் சொல்லவேண்டியவர் கடன்பட்டவர். எதையும் குறைக்காமற் சொல்லவேண்டியவர் அவரே. அப்பாவுக்கு வராத வார்த்தையை அவருடைய பொறுப்பாளனாக நின்று நான் இந்த வானொலியிற் சொல்கிறேன். அன்று நாங்கள் படலையைச் சாத்திக்கொண்டு நின்றோம். அது எங்கள் பேரில் எழுதப்படவேண்டிய கணக்கு.

நீதியின் பொருட்டுத் தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவேனும் சாட்சி சொல்லவேண்டும் என்று திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கற்பிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்யக்கூடாது என்று ஐந்தாம் அத்தியாயம் கற்பிக்கிறது. இவை முஸ்லிம்களுக்கு அருளப்பட்டவை. ஆனாற் கேட்கக் காதுள்ள எவர்க்கும் இவை பயன்படும்.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம் என எண்ணுகிறேன். வேதம் ஓதுவதற்குத்தான் தம்பி. ஓதிய பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று நினைத்துப் பார்ப்பதற்கும் அதுதான். வேதத்தோடு தராசும் சேர்த்து அனுப்பப்பட்டதன் நோக்கம் அதுவே. அடுத்த தவணை வகுப்பில் அவனிடம் இதைச் சொல்வேன். அவன் இன்னொரு கேள்வி கேட்பான். கேட்கட்டும்.